தொள்ளாயிரம் அடிக்குக் கீழே

கடலோ துறைமுகமோ இல்லாத செஞ்சி எப்படி இவ்வளவு பெரிய ஊரானது என்று யார் கேட்டாலும், "எல்லாம் நான் போட்ட போருதான்" என்று மார்தட்டுவார் பாண்டுரங்கன். எட்டாங்கிளாஸ் தாண்டாதவர். வளைகுடா நாட்டில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையில் பத்து வருஷம் கிடந்து, எண்ணெய் பீறிட்ட இடத்தில் பொட்டல் மணல் பட்டணமானதைக் கண்ணால் பார்த்தவர். ஊர் திரும்பி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வாங்கினார். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மானாவாரி நிலத்திலெல்லாம் நெல் விளைந்தது. நெல் மூட்டைக்குப் பின்னாலேயே கடையும் வீடும் ஜனமும் வந்து சேர்ந்தன.

இன்று அந்த வண்டி அவர் நிலத்திலேயே நின்றது. கதிர் பிடிக்கும் நேரத்தில் பழைய போர் வற்றிவிட்டது. இன்னும் இரண்டு முறை தண்ணீர் பாயாவிட்டால் பயிர் பதர்தான். தொள்ளாயிரம் அடி இறங்கியும் வெறும் பாறைத்தூள் பறந்தது.

"ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்தவரு, நம்ப நெலத்துல மாவு அரைக்கிறாரு" என்றாள் மனைவி மணிமொழி.

பக்கத்து நிலத்தான் ஐந்நூறு அடி போட்டால் நீ அறுநூறு போடு என்று ஒவ்வொருவரையும் ஏற்றிவிட்டவர் அவர்தானே.

வரப்பில் காமராஜ் வந்தான். அவனுடைய முக்கால் ஏக்கரும் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, வண்டி இங்கதான இருக்குது, அப்டியே நம்ப நெலத்துக்கும் வாண்ணே. நீ தொட்டா தண்ணி வந்துரும்."

கீழே ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"வரேன்பா" என்றார். "நான் எடுக்காத தண்ணியா?"

காமராஜ் சந்தோஷமாக வழிகாட்டி முன்னே நடந்தான்.