அக்காவும் கட்டில் என்ற சொல்லும்

அக்கா எங்களை விட்டுப் போய், வருகிற சனிக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே, "பொறந்தது வளந்தது எழுது, நன்றி சொல்லு, போதும். உன் சொல்லு ஆராய்ச்சியெல்லாம் இதுல கொண்டாந்துடாத" என்றும் சொல்லிவிட்டார். அம்மா மன்னிக்க வேண்டும். ஒரு சொல்லை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று முறை முயன்று கிழித்துப் போட்டேன்.

அக்கா பிறந்தது பாலோ என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயன் வீட்டில். அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அக்கா பள்ளியிறுதிக்கான எஸ்.பி.எம். தேர்வில் கணக்கில் முதல் நிலை வாங்கினார். முடிவு வந்த மாதமே அப்பா நெஞ்சு வலிக்கிறதென்று மருத்துவமனைக்குப் போய், மூன்றாம் நாள் அங்கே கட்டிலிலேயே இறந்துபோனார். தோட்ட வீட்டைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் யோங் பெங்கில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்தோம். அக்கா மேற்கொண்டு படிக்க ஆறாம் படிவத்துக்குப் போகாமல் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஆறு.

அங்கே அவருக்குப் பொதி கட்டும் வேலை. கால்கள், சட்டங்கள், ஒரு பொட்டலம் போல்ட்டு, அவற்றை இறுக்க ஒரு வளைந்த சாவி, பாகங்களை எப்படிப் பூட்டிச் சேர்ப்பது என்ற படத்தாள், எல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து ஒட்ட வேண்டும். அச்சு பிசகிய படத்தாள்களை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வருவார். அவற்றின் பின்பக்கத்தில்தான் நான் கணக்குப் போட்டுப் பழகினேன். முன்பக்கத்தில் ஒரே படம். உள்ளூருக்குப் போகும் தாளில் மலாயில் 'காத்தில்' என்றிருக்கும். சிறு குழந்தைக் கட்டிலாக இங்கிலாந்துக்குப் போகும் தாளில் 'காட்' என்றிருக்கும்.

பதினோரு வயதில் ஒருநாள் எனக்கு அது பளிச்சென்று பட்டது. அக்கா வேலை முடிந்து வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், மலாய்க்காரர்கள் சொல்வது நம் கட்டில்தான் என்றேன். அக்கா நிமிரக்கூட இல்லை. நாம்தான் அவர்களிடமிருந்து வாங்கினோம், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார். இல்லையென்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறி அன்று பிடித்தது. நான் மொழியியல் படிக்கப் போனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் வரும்போதெல்லாம் அந்தச் சொல்லின் உறவுக்காரர் ஒருவரைப் பிடித்து வருவேன். கட்டு என்ற வினையிலிருந்து வந்தது, சட்டத்தில் கயிறு கட்டிப் படுத்ததால் அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் உண்டு என்றேன். மலையாளத்திலும் கட்டில்தான் என்றேன். இந்தியில் காட், வடமொழியில் கட்வா. அது நம்மிடமிருந்து போனது என்று ஒரு சாரார், இல்லை என்று ஒரு சாரார். இந்தியிலிருந்து ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு போனான். இங்கிலாந்தில் அது குழந்தை படுப்பது, அமெரிக்காவில் பட்டாளத்துக்காரன் கூடாரத்தில் மடக்கி விரிப்பது. நம் ஊர்க் கப்பல்காரர்கள் வழியாக மலாய்க்கு வந்தது என்று புத்தகத்தைத் திறந்தே காட்டினேன்.

அக்கா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "அப்போ அவங்களுக்குக் கட்டிலக் குடுத்துட்டு நாம தரையில படுத்துட்டோமாக்கும்?"

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்போது எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. முன்னறையில் மெத்தையை விரித்து மூவரும் படுப்போம், காலையில் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவோம். அக்கா அத்தோடு விடவில்லை. "கொழந்தைக்கும் அது இருக்கு, பட்டாளத்துக்காரனுக்கும் அது இருக்கு. நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் இல்ல." பழைய நூல்களில் அரசன் வீற்றிருக்கும் இடத்துக்கே கட்டில் என்றுதான் பெயர், முரசு வைக்கும் மேடைக்கும் அதே பெயர் என்று நான் அடுத்ததை எடுத்து விட்டேன். "சரி போ, ராஜாவுக்குத்தான் நான் போல்ட்டு எண்ணிப் போடுறேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

பதினெட்டு ஆண்டு அந்த வேலையில் இருந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், தம்பி படிப்பை முடிக்கட்டும் என்று தள்ளினார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பக்கத்து வீட்டார் கேட்டால் படத்தாள் இல்லாமலே அலமாரி பூட்டிச் சேர்த்துக் கொடுப்பார். நான் முடித்த ஆண்டுதான் அவருக்கு வயிற்று வலி. புற்று, பரவிவிட்டது என்றார்கள்.

மருத்துவமனையில் முதலில் சேர்க்கப் போன நாளில் வார்டில் இடம் காலியாகவில்லை. காலையிலிருந்து மாலை வரை சக்கர நாற்காலியில் இருந்தார். வந்து பார்த்துப் போன தாதியர் ஒவ்வொருவரும் கட்டில் இன்னும் இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் பதினாலாம் கட்டில் கிடைத்தது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "பேரே மாறிப்போச்சு பாத்தியா தம்பி" என்று அக்கா சிரித்தார். ஏழு வாரம் கழித்து, இனி வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அக்காவோடு பொதி கட்டும் பகுதியில் வேலை செய்தவர் காக் ரோஸ். காக் என்றால் மலாயில் அக்கா. அவர்தான் தொழிற்சாலையில் பேசி, தலைப்பலகையில் கீறல் விழுந்து ஒதுக்கிய கட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு பேரோடு வேனில் வந்தார். முன்னறையில் அதைச் சேர்த்துப் பூட்டினார்கள். அக்கா மெத்தையில் படுத்தபடி வேலை வாங்கினார். எந்த போல்ட்டையும் முதலிலேயே இறுக்காதே, எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடைசியில் இறுக்கு என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கிப் படுக்க வைத்ததும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "ஒசரமா இருக்கு தம்பி. சன்னல் வழியா ரோடு தெரியுது" என்றார்.

இனி நான் எழுதப்போவது அம்மாவுக்கும் தெரியாது.

அந்த வாரத்தில் ஒருநாள் அம்மா அடுப்படியில் இருந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார். "பெரியப்பா வருவாரு. மூச்சு அடங்குறதுக்கு முன்னாடி கீழ எறக்கணும்பாரு. என்னை எறக்க வேணாம்னு சொல்லிரு. காலமெல்லாம் கீழதான படுத்தேன். நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

உயிர் பிரியும் நேரத்தில் கட்டிலில் இருக்கக்கூடாது, மண்ணில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டிலில் போனால் ஆன்மா மேலேயும் போகாமல் கீழேயும் இல்லாமல் நிற்கும் என்பார்கள். அப்பா மருத்துவமனையில் அப்படிப் போனதை அம்மா ஒருநாளும் மறந்ததில்லை.

வியாழக்கிழமை காலை அக்காவின் மூச்சு தடுமாறியது. காஹாங்கிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். பாயை விரித்தார், தெற்கே தலை வைக்க இடம் பார்த்தார், விளக்கை ஏற்றச் சொன்னார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்பதைத்தான் இந்த ஓராண்டாகச் சகிக்க முடியவில்லை. கட்டில் தாழ்ந்த பொருளில்லை பெரியப்பா, அரசன் அமர்ந்த இடத்துக்கு அதுதான் பெயர் என்று தொடங்கினேன். முரசு மேடைக்கும் அதே பெயர் என்றேன். படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தைச் சொல்லவில்லை. பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். அம்மா மட்டும், "உங்கப்பா மாதிரி இவளும் அந்தரத்துல நிக்கணுமாடா?" என்றார்.

"நல்லதுப்பா. அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ கால் பக்கம் பிடி" என்றார் பெரியப்பா.

பிடித்தேன்.

அக்காவின் உதட்டில் துளசித் தண்ணீர் விட்டோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. மதியம் கண் திறந்தார். நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம். இறக்கியவரைத் திரும்ப ஏற்றினால் வீடு இன்னொரு உயிரைக் கேட்கும் என்றார்கள். யாரும் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையில் பாய்க்கு மேல் இரண்டு போர்வை போட்டோம். அப்போது அக்காவின் எடைக்கு ஓர் ஆள் போதும், நானே தூக்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காக் ரோஸ் கஞ்சி எடுத்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். ஏன் கீழே படுக்க வைத்திருக்கிறீர்கள், கட்டில்தான் இருக்கிறதே என்று மலாயில் கேட்டார். அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது, பெரியப்பாவுக்கு ஓரளவு வரும். ஆனால் அந்த ஒரு சொல்லை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

காக் ரோஸ் போன பிறகு அக்கா என்னைப் பார்த்தார். குரல் காற்றாக இருந்தது. "கட்டில் காலியாத்தான இருக்கு, தம்பி?"

ஆமாம் என்றேன். போர்வையை இழுத்து விட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. சனிக்கிழமை மதியம் அக்கா தரையிலேயே போய்விட்டார். வயது முப்பத்தாறு.

பெரியப்பாவும் அம்மாவும் இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வார்கள்: தம்மை இறக்க வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். தெளிவாக, நல்ல நினைவோடு, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். உங்கள் மேல் குற்றம் இல்லை. உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் கால் பக்கம் பிடித்தான். அக்கா இப்போது எங்கே நிற்கிறார் என்று அம்மா கேட்டால், சொல்ல என்னிடம் எந்த மொழியிலும் எதுவும் இல்லை.

ஏழு வாரமும் அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்போலக் கழுவித் துடைத்த தாதியருக்கும், கட்டிலோடு வந்த காக் ரோஸுக்கும் தோழியருக்கும், காஹாங்கிலிருந்து பேருந்தில் வந்து கருமாதி முடியும்வரை உடனிருந்த பெரியப்பாவுக்கும், அம்மாவைச் சாப்பிட வைத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. ஞாயிற்றுக்கிழமை படையலுக்கு எல்லாரும் வந்து உண்டு செல்ல வேண்டும்.

வரும்போது முன்னறையில் கட்டிலைப் பார்ப்பீர்கள். காக் ரோஸ் போல்ட்டுகளைக் கழற்றித் தருகிறேன் என்று இரண்டு முறை வந்தார், அம்மா விடவில்லை. துவைத்த துணிகளை அதன்மேல் மடித்து வைக்கிறார். அம்மாவும் நானும் கீழேதான் படுக்கிறோம்.