காட்டெருமையின் நிரந்தர விலாசம்

லண்டன் மோர்டனில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், காலையில் வேலைக்குப் புறப்படும்போது என் குளிர்ச்சட்டையை ஒரு காட்டெருமையின் கொம்பிலிருந்துதான் எடுப்பேன். கொம்புகள் மரப்பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலையின் மிச்சம் பழைய பத்திரிகைகளுக்குள் கிடக்கும். பெட்ரோல் நிலையத்தில் என்னோடு வேலைசெய்த வெள்ளைக்காரன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் இதைத்தான் கும்பிடுவீர்களா என்று மரியாதையாகக் கேட்டான். இது சாம்பியாவிலிருந்து வந்தது, நான் இலங்கையிலிருந்து வந்தவன் என்றேன். இரண்டும் பக்கத்தில்தானே என்றான். நான் மறுக்கவில்லை. நானும் எருமையும் ஒரே அறையில்தானே இருந்தோம்.

வீட்டுக்காரர் கனகரத்தினம் மாஸ்ரர் இலங்கையில் மானிப்பாய்க்காரர். சாம்பியாவில் பதினாறு வருடம் கணிதம் படிப்பித்தவர். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் அங்கே ஒரு விடுமுறையில், லைசென்ஸ் எடுத்து, ஒரே வெடியில் காட்டெருமையைச் சுட்டார் என்பது மோர்டன் முழுவதும் தெரிந்த செய்தி. பாடம் செய்த தலை பின்னால் கப்பலில் வருகிறது என்று சொல்லிச் சொல்லி, பார்க்க வருகிறவர்களுக்கு வரவேற்பறைச் சுவரில் அது மாட்டப்போகும் இடத்தையும் காட்டியிருந்தார். நான் எண்பத்தாறில் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்கும் காட்டினார். வெறும் சுவரைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

தலை வந்து துறைமுகக் களஞ்சியத்தில் கிடக்கிறது என்று கடிதம் வந்தது. இப்படியான சாமான்களைச் சுங்கத்தில் எடுத்துத்தர ஏஜென்ற்மார் இருக்கிறார்கள். மாஸ்ரர் அதைக் கேட்கவே விரும்பவில்லை.

“உந்தப் படிவம் நிரப்ப ஒரு ஏஜென்ற் வேணுமே? நான் அட்சரகணிதம் படிப்பிச்சனான். நீரும் வாரும் தம்பி, உமக்கு கஸ்டம்ஸ் பழக்கம்.”

என் பழக்கம் வேறு மாதிரியானது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின், பாரிஸ் என்று ஐந்தாறு எல்லைகளைக் கடந்திருக்கிறேன். எந்தச் சுங்க அதிகாரியையும் முகத்துக்கு நேரே பார்த்ததில்லை. ஒரு தடவை மரக்கறி லொறியில் முட்டைக்கோவாக் குவியலுக்குள் இரண்டு நாள் இருந்தேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் பெட்ரோல் நிலைய முதலாளியின் வான் வண்டியில் மாஸ்ரரோடு போனேன்.

எருமையின் கடதாசிகள் அவ்வளவு சுத்தம். வேட்டை லைசென்ஸ், வனவிலங்குத் திணைக்களத்தின் ஏற்றுமதி அனுமதி, பூச்சிக்கு மருந்து போட்ட அத்தாட்சி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற பட்டியல். மாஸ்ரர் எல்லாவற்றையும் விடைத்தாள் போல வரிசையாக அடுக்கி நூலால் கட்டியிருந்தார். என்னுடைய அகதி விண்ணப்பக் கோவையில் இருந்தது ஒரு பிறப்பத்தாட்சிப் பிரதி மட்டும். அதிலும் பெயர் பிழை.

சுங்கப் பெண் பெட்டியைத் திறப்பித்தாள். தலையைத் தட்டிப் பார்த்தாள். கொம்பை அளந்தாள். கடதாசிகளைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை என்றாள். மாஸ்ரருடைய நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில், குடிபெயர்ந்து வருகிறவர்களின் வீட்டுச் சாமானுக்குத் தீர்வை இல்லை, நீங்கள் இங்கே நிரந்தரமாக வாழத்தானே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பேனையை நீட்டினாள்.

மாஸ்ரர் அழகான ஆங்கிலத்தில், இல்லை, நாட்டுப் பிரச்சினை முடிந்த உடனே போய்விடுவோம் என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. லண்டனில் வீடு வாங்கிய அன்றும் அதைத்தான் சொல்வார்கள். பிள்ளை இங்கே பல்கலைக்கழகம் போகும் அன்றும் அதைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் ஊரை விற்றுவிட்ட மாதிரி. அவள் முகம் சுளிக்கவில்லை. அப்படியானால் இது தற்காலிக இறக்குமதி என்று வேறொரு படிவத்தை எடுத்தாள். அதில், நாட்டை விட்டுத் திரும்பப் போகும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. தேதியைச் சொல்லுங்கள் என்றாள்.

அது எங்கள் கையில் இல்லை என்றார் மாஸ்ரர். யாருடைய கையில் என்று கேட்டாள். அவர் ஒரு வரலாற்றையே தொடங்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டில் ஒரு படிவத்தை நிரப்பாமல் பெட்டியைக் கொடுக்க முடியாது, தவணை இன்றோடு முடிகிறது, யாரும் எடுக்காத விலங்குச் சாமான்களை எரித்துவிடுவோம் என்றாள்.

மாஸ்ரர் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய கோட்டுப் பைக்குள் மானிப்பாய் வீட்டுப் பூட்டின் திறப்பு இருக்கும். கையை அதற்குள் விட்டபடி நின்றார்.

“திரும்பிப் போகமாட்டன் எண்டு என்ரை கையாலை எழுதுறதே, தம்பி?”

“மாஸ்ரர், எருமைக்குத்தான் எழுதுறியள். அது இஞ்ச இருக்கட்டும். நீங்கள் போங்கோ.”

“அப்ப அதை ஆர் பாக்கிறது?”

“நான் பாக்கிறன்.”

“உமக்கே இன்னும் விசா இல்லை,” என்றார் மாஸ்ரர்.

பிறகு போய்க் கையெழுத்து வைத்தார். ஊரிலும் சாம்பியாவிலுமாக முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை. எழுத்து ஓடவில்லை. அவள் முத்திரை குத்தி, வரவேற்கிறோம் என்றாள். எருமைக்குச் சொன்னாளோ, அவருக்குச் சொன்னாளோ தெரியாது. எனக்கு இல்லை என்பது மட்டும் தெரியும். திரும்பும் வழியில், ஸ்ட்ரெதம் தாண்டிய பிறகு, இந்தப் படிவத்தைப் பற்றி வீட்டில் சொல்லவேண்டாம் என்றார்.

தலை சுவரில் ஏறவே இல்லை. ஆணி அடித்தால் சுவர் பழுதாகும், எப்படியும் போகத்தானே போகிறோம் என்றார். சுங்கத்தில் கழற்றிய மூடி திரும்பப் பொருந்தவில்லை. பெட்டி என் அறைக்கு வந்தது. பாக்கிறன் என்று சொன்னவன் நான்தானே.

மூன்று வருடமாக அது என் கட்டிலின் கால்மாட்டில் இருக்கிறது. பெட்டியின் பக்கப்பலகையில் முதலில் லுசாக்கா விலாசம், கறுப்பு மையில், குறுக்கே வெட்டப்பட்டு. அதன் கீழே சுங்க முத்திரையோடு மோர்டன் விலாசம். போன கிழமை தூசு தட்டும்போதுதான் அதற்கும் கீழே மூன்றாவது ஒன்றைக் கண்டேன். பென்சிலால், கரும்பலகைக்கு உரிய வட்டமான எழுத்தில், மானிப்பாய் விலாசம். நான் வேலைக்குப் போயிருந்த ஏதோ ஒரு நாளில் வந்து எழுதியிருக்கிறார். மோர்டன் விலாசத்தை அவர் வெட்டவில்லை.