தெரேஸ் தன் வாய்க்கு எடுத்த எக்ஸ்ரே

தெரேஸ் போய்விட்டாள். காலையில் அவள் மகன் போன் செய்தான்... இன்னும் நம்ப முடியவில்லை.

நேற்று சாயங்காலம்தான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள், முறுக்கு கடிக்கிற சத்தத்தோடு. எண்பதைத் தாண்டியவள்தான். அதற்காக இப்படியா, சொல்லாமல் கொள்ளாமல்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண், "பல் செட்டைக் கழட்டிடுங்க சார்" என்றிருக்கிறாள். செட் இல்லம்மா, சொந்தப் பல்லு என்று சொல்லிவிட்டு மகன் அழுதானாம். அதைக் கேட்டதும்தான் எனக்கும் அழுகை வந்தது.

காரணம் இருக்கிறது. அறுபதாம் வருஷ வாக்கில் புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் நானும் அவளும் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் இருபது சொச்சம் வயசு. டாக்டர் எங்களைப் பிரெஞ்சு மரியாதையில் மத்மொசேல் என்றுதான் கூப்பிடுவார்... தெரேஸ் அதற்கே கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள்.

டாக்டருக்கு ஒரு வழக்கம். பல்லைத் தாங்குகிற தாடை எலும்பு வயசுக்கு மீறித் தேய்ந்திருந்தால், பிடுங்குவதற்கு முன்னால் சர்க்கரை பார்க்கச் சொல்வார். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் பல்வலி என்று வந்தவர்கள் எத்தனையோ பேர்.

எங்களுக்கும் ஒரு வழக்கம். பிலிம் கழுவுகிற மருந்தைப் புதிதாகக் கலக்கினால், சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களில் ஒருத்தி தன் வாயிலேயே ஒரு பிலிமை வைத்து எடுத்துக்கொள்வாள். இன்றைக்கு நினைத்தால் பகீரென்கிறது. அன்றைக்கு விளையாட்டு.

அன்று தெரேஸ் முறை. கழுவி, அவசரத்தில் பேஷண்டுகளின் பிலிமோடு சேர்த்துக் கம்பியில் காயப் போட்டுவிட்டாள். பேர் கூட எழுதவில்லை.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் இது, எலும்பு இவ்வளவு இறங்கியிருக்கிறதே, உடனே கூப்பிடுங்கள் என்றார்.

தெரேஸ் வாங்கிப் பார்த்தாள். கீழ் வரிசையில் கோணலாக முளைத்த அந்தப் பல்...

"அது என் வாய், டாக்டர்."

அவள் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தோம். செங்கல் நிறமாகிவிட்டது, சர்க்கரைதான்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோயிலில் அவளுக்கும் அந்துவானுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று.

மூச்சு விடாதே, தாலி ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவள் அம்மா. சர்க்கரைக்காரப் பெண்ணை எவன் கட்டுவான் என்று அந்த அம்மாவுக்குப் பயம்.

தெரேஸா கேட்பாள்? அன்று சாயங்காலமே முத்தியால்பேட்டைக்குப் போய், அந்துவான் வீட்டில் எல்லார் முன்னாலும் பிலிமைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆளாளுக்குக் கைமாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

மறுநாள் என்னிடம், "அவ்ளோதான்டி. ஓலைய நிறுத்திடுவாங்க" என்றாள். டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் அந்துவான் வந்து நின்றான். மில் வேலையிலிருந்து அப்படியே, சட்டையெல்லாம் பஞ்சு. என்ன வேணும் என்று கேட்டேன், கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான்.

அவன் விறுவிறென்று போய் பேஷண்ட் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"அவளுது எங்க வீட்ல எல்லாரும் பாத்துட்டோம். என்னுதயும் அவ பாக்கட்டும்... எடுங்க."

தெரேஸ்தான் வெளியே வந்து எடுத்தாள். பிலிமைப் பிடித்துக்கொள்ள அவன் கட்டைவிரலை அவளே எடுத்து வாய்க்குள் வைத்தாள். அழுதுகொண்டே, ஆடாம இருங்க, ஆடாம இருங்க என்றாள். ஆடியது அவள் கைதான்.

அவளைக் கட்டிக்கொண்ட அந்துவான் போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது இவளும், அதே சொந்தப் பல்லோடு...

அடிப்பாவி தெரேஸ். நல்லபடியா போய் வாடி.