ஐந்து புளியங்கொட்டைகள்

இது நடந்து ஆறு வருஷமாகிறது. ரப்பர் விலை விழுந்து, பினாங்குத் துறைமுகத்தில் பாதிப் பேருக்கு வேலையில்லாமல் இருந்த காலம். பயிற்சி முடித்த கையோடு எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். வீட்டார் தைப்பிங்கில் இருந்தார்கள். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் இப்படித் தனியாக அறை எடுத்து இருப்பதா என்று கோபித்துக்கொண்டு, கடிதம் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று முழுவதும் நான் வாய் திறந்து பேசியவற்றை எழுதிப் பார்த்தேன். பால்காரரிடம், "போதும்." குழாயடியில், "நீங்கள் பிடியுங்கள், எனக்கு அவசரமில்லை." மாடிப்படியில், "தள்ளிப் போ." மூன்றே வரி. அதிலும் கடைசி வரி பூனைக்கு.

கீழே ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா பிரசவத்துக்கு எங்கள் வார்டுக்கு வந்திருந்தபோதுதான் மாடி அறை காலி என்று எனக்குச் சொன்னார். அந்தக் குழந்தை மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அக்கா தம் கையிலிருந்த ஜெபமாலையை அதன் சின்னச் சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். அதன்பின் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். என் முகம் அந்த நாளை ஞாபகப்படுத்தும் என்று நானும் ஒதுங்கியே இருந்தேன். அறைச் சாவியை மட்டும் வேலைக்குப் போகும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஒரு நாள் மாலை அவராகவே மாடியேறி வந்தார். அவர் கையைப் பிடித்தபடி ஆறு வயது மூத்த மகள்.

"மிஸி, ஜனவரியில இதைக் கன்னியர் பள்ளிக்கூடத்துல சேக்கணும். இங்கிலீஷ் எழுத்து தெரியணுமாம், அம்பது வரைக்கும் எண்ணத் தெரியணுமாம். எங்க ரெண்டு பேருக்கும் படிப்பு இல்ல. நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுப்பீங்களா?"

நர்ஸ்களை இங்கே எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் யாழ்ப்பாணப் பேச்சில் "ஓம், வரச் சொல்லுங்கோ" என்றதும் அந்தச் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஓம்னா கோயில்ல சொல்றது. ஆமான்னு சொல்லுங்க லா, மிஸி!"

அன்றிரவே திட்டம் போட்டேன். பிஸ்கட் டின் மூடியில் கடற்கரை மணல்: விரலால் எழுத்து எழுத. ஜன்னலுக்கு எதிரே உள்ள கடைப் பலகைகள்: எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்க. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை அறுபது, ஒரு டின்னில்: எண்ண. வார்டில் நோயாளியின் கட்டில் கால்மாட்டில் தொங்குமே, அதுபோல ஒரு சார்ட்டும் வரைந்து சுவரில் மாட்டினேன். இங்கிலீஷில், இரண்டு பத்தி. தெரியும், தெரியாது.

தினமும் நாலரை மணிக்குப் படியில் காலடி கேட்கும். நான் நாலு மணிக்கே கதவைத் திறந்து வைத்துவிடுவேன். எழுத்து அவளுக்குச் சீக்கிரம் வந்தது. எதிர்க்கடைப் பலகையில் புது எழுத்தைக் கண்டுபிடித்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். எண்தான் ஏறவில்லை. பத்து வரைக்கும் கொட்டைகளை எடுத்து வைப்பாள். பிறகு பேசாமல் ஒரு கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மறுபடி "ஒண்ணு" என்று தொடங்குவாள். "பதினொன்று சொல்லு" என்றால் வாயை மூடிக்கொள்வாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்பது என் பயிற்சி. "பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது" என்று தினமும் சிவப்பு மையில் எழுதினேன். கடைசியில் இன்னொரு வரியும் சேர்ந்தது: "டின்னில் ஐந்து கொட்டை குறைகிறது."

டிசம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் சுவரில் சார்ட் இல்லை. அக்கா சாவியோடு சார்ட்டையும் நீட்டினார்.

"காலையில பள்ளிக்கூடத்துல திடீர்னு வரச் சொல்லிட்டாங்க மிஸி. உங்க சார்ட்டை எடுத்துட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில என்னை அந்த வார்டுலேர்ந்து இந்த வார்டுக்கு மாத்தினப்ப, சார்ட் கூடவே வந்துச்சில்ல? அது இல்லாம டாக்டர் பாக்கவே இல்லியே. அதான். அந்தப் பள்ளிக்கூட சிஸ்டர் முழுசும் படிச்சாங்க. எவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்குன்னு மலாய்ல சொன்னாங்க. பிள்ளையை ஒண்ணுமே கேக்கல. அடுத்த வருஷம் கூட்டிட்டு வான்னுட்டாங்க."

அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அடுத்த வருஷம் என்று கேட்டதும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் நாலரை மணிக்குக் காலடி கேட்கும்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைப் படகேற்றி, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தன் தங்கை வீட்டில் விடப்போவதாக அவள் அப்பா முடிவு செய்துவிட்டார். வேலை குறைந்திருந்தது. பள்ளிக்கூடமும் இல்லையென்றால் அங்கே போய்த் தொட்டிலாவது ஆட்டட்டும், ஒரு வாய் குறையும் என்றாராம். குழாயடியில் அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்: "போனா திரும்பி வராது மிஸி. என் நாத்தனாருக்கு நாலு பிள்ளை. விட மாட்டாங்க."

சனிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில், பிள்ளைக்காக ஜெபம் சொல்கிறோம், வாங்க என்று கூப்பிட்டார். அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

மாதா படத்துக்கு முன்னால் மூவரும் மண்டியிட்டார்கள். ஜெபமாலை இல்லை. புதிதாக ஒன்று வாங்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் மகளின் முன்னால் வரிசையாக ஐந்து புளியங்கொட்டை. பெரியவர்கள் ஜெபம் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பத்தாவது விரல் மடங்கியதும் ஒரு கொட்டையை அந்தப் பக்கம் நகர்த்தி, மறுபடி முதல் விரலுக்கு வந்தாள். ஜெபமாலையில் பத்துப் பத்தாகத்தான் மணி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் ஓரிடத்தில் அப்பா அவசரப்பட்டு அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார்.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

முடிந்ததும் நான் அவள் பக்கத்தில் போய், மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.

"அஞ்சு பத்து" என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "மிஸிக்கு எண்ணத் தெரியாதா?" என்றாள்.

அவள் அப்பாவிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். சார்ட்டில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் பயணத்தைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார். அக்காதான், "சரி மிஸி, இப்ப என்ன செய்யலாம்?" என்றார்.

திங்கட்கிழமை, வேலைக்குச் சேர்ந்தபின் முதல் தடவையாக லீவு போட்டேன். அக்கா, மகள், நான் மூவரும் ரிக்‌ஷாவில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். சிஸ்டரிடம், நான் எழுதியதில் பொய் இல்லை, ஆனால் ஏன் அப்படி எண்ணுகிறாள் என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை என்றேன். அவர் மேஜை டிராயரிலிருந்து சிலேட்டுக் குச்சிகளை அள்ளி அவள் முன்னால் போட்டார். அவள் ஒன்று முதல் பத்து வரை எண்ணினாள். ஒரு குச்சியைத் தனியாக வைக்கப்போய், யோசித்து, அதைத் திரும்பப் போட்டுவிட்டு, தன் பாவாடைப் பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தாள். அடுத்தடுத்த பத்துக்கும் அப்படியே. குச்சிகள் தீர்ந்ததும் சொன்னாள்: "மூணு பத்து. அப்புறம் நாலு."

அதை நான் சிஸ்டருக்கு இங்கிலீஷில் சொன்னேன். சிஸ்டர் சிலேட்டில் மூன்றையும் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியா எழுதுவாங்க!" என்று சிரித்தாள். ஜனவரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் தொடங்கியபின் மாலையில் அவளுக்கு வீட்டுப்பாடம் இருந்தது. முதலில் வாரத்தில் இரண்டு நாள் மாடிக்கு வந்தாள், பிறகு ஒரு நாள். ஈஸ்டருக்குள் அவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று அவள் ஓடி வந்து, அம்மா புது ஜெபமாலை வாங்கிட்டாங்க என்று சொல்லி, ஐந்து கொட்டையையும் என் டின்னில் போட்டுவிட்டுப் போனாள். எண்ணிப் பார்த்தேன். அறுபதும் சரியாக இருந்தது. நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் சில மாதம் போகவில்லை.

இப்போதும் வார்டில் தினமும் சார்ட் எழுதுகிறேன். "தெரியாது", "முடியாது" என்று எழுத வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு, கட்டிலில் இருப்பவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கிறேன்; அந்த ஒரு வார்த்தையைக் கேட்காததால், என் ஒரே துணையாக இருந்த குழந்தையை நானே அக்கரைக்கு அனுப்பப் பார்த்தேன்.