மறுமொழி மட்டும் மிஞ்சிய பக்கங்கள்

அன்றைக்கு நான் என்னதான் எழுதினேன்? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. தலைப்பு இருக்கிறது: 'மழை விட்ட பிறகு'. அதற்கு அப்பா போட்ட மறுமொழியும் இருக்கிறது: "இத நீ எழுதாம இருந்திருக்கலாம் ஆத்தா. ஆனா எழுதுனது சரிதான்." நடுவில் இருந்த என் பதிவைத்தான் காணோம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இலவசத் தளம் ஒன்றில் வலைப்பூ எழுதி வந்தேன். இந்தப் பிறந்தநாளுக்கு என் பெயரிலேயே ஒரு தளம் வாங்கித் தந்தார் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை மடியில் வைத்துக்கொண்டே, ஏதோ காணொளியைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றினார்.

"எல்லாம் வந்துருச்சுல்ல? பழச அழிச்சிரட்டா?"

தலைப்புகளை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்க்கிற நான், ஒரு தலைப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "அழிங்க" என்றேன். அவர் அழித்த பிறகுதான் ஒன்றைத் திறந்தேன். உள்ளே எல்லாம் வெறும் வெள்ளை.

"நீதான பாத்தேன்னு சொன்ன?"

"அழிச்சது யாரு?"

கொஞ்ச நாள் இப்படிப் போனது. பழைய தளத்துக்கு எழுதிக் கேட்டேன். அழித்தது அழித்ததுதான் என்று பதில் வந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இடங்களில் தேடினேன். முகப்பு மட்டும் கிடைத்தது. மிஞ்சியவை மறுமொழிகள். யார் எழுதினாலும் என் மின்னஞ்சலுக்கு ஒரு நகல் வந்துவிடும். எழுதுகிறவர் பெரும்பாலும் ஒருவர்தான்.

அப்பா ஜீப் ஓட்டினார். விடிவதற்குள் ராசிங்காபுரத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டால், அவர்கள் காயெடுத்து முடிக்கிற வரை அங்கேயே காத்துக்கிடக்க வேண்டும். தோட்டத்துக்கு மேலே ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே வண்டியைப் போட்டு, என் பதிவைப் படித்து ஒற்றை விரலால் மறுமொழி தட்டுவார். நான் அப்போது போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் போன் ஒலிக்கவும் சரியாக இருக்கும். "இன்னைக்கு இது மதி. சோத்துக்கு ஆளுக வந்துட்டாங்க" என்று முடித்திருப்பார். மலைக்குப் போய்ப் போய் அவருக்குப் 'போதும்' என்பது மலையாளத்து 'மதி' ஆகியிருந்தது.

நேற்று மகளுக்குச் சாறு பிழிய எலுமிச்சம்பழம் நறுக்கினேன். வாசனை மூக்கில் ஏறியதும் குரங்கணி மலைக்கு ஜீப்பில் போனது நினைவுக்கு வந்துவிட்டது. சின்ன வயதில், லீவு நாளில், அப்பா என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டும். "மோந்துக்கிட்டே வா ஆத்தா, வெரசா ஊரு வந்துரும்" என்று ஒரு பழத்தைக் கையில் திணிப்பார். ஊர் வருவதற்குள் மற்றதெல்லாம் வந்துவிடும்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு பதிவு எழுதியிருந்தேன். அதையாவது மறுபடி எழுதிவிடலாம் என்று மகள் தூங்கும்போது உட்கார்ந்தேன். நன்றாகவே வந்தது. மேகம், காப்பிப்பூ வாசம், சீட்டுக்கடியில் உருண்டுகொண்டே வந்த தூக்குவாளி, எலுமிச்சம்பழம். கீழே அப்பாவின் மறுமொழியை எடுத்து ஒட்டினேன்.

"மலையெல்லாம் எழுதிருக்க. எலுமிச்சம்பழத்த விட்டுட்டியே ஆத்தா. போற வழியில நாலு பழம் காலி பண்ணுனவ நீ."

பதிவிலிருந்து பழத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்பாவின் பேச்சு பொருந்தியது. ஆனால் நினைவிருப்பதை மறந்ததுபோல் நான் நடிப்பதாகப் பட்டது. மறுபடி பழத்தை வைத்தேன். இப்போது அப்பா பதிவைப் படிக்காமலேயே பேசுவதுபோல் இருந்தது. உண்மையும் அதுதானே, இதை அவர் எங்கே படித்தார்? எதையும் சேமிக்காமல் மூடிவிட்டேன்.

அப்பா போன பிறகு ஜீப்பை விற்றுவிட்டோம். யாரோ வாங்கி, இன்னும் மெட்டு ஏற்றுகிறார்கள். பெண்களும் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தோட்டம் முழுக்க இப்போது சிக்னல் கிடைக்கிறதாம். மதியம் மகளுக்கு ஊட்டும்போது போன் ஒலித்தால் என் கை ஒரு கணம் நின்றுபோகிறது. எடுத்துப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் பதிவுச் செய்தி.

'மழை விட்ட பிறகு' பற்றி அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்னடி தெரியும்? அப்பனும் மகளும் போன்லயே குடும்பம் நடத்துனீங்க" என்றாள். கடையில் யாரைப் பற்றியாவது எழுதினேனா? அப்பாவைப் பற்றியேவா? எழுதாமல் இருந்திருக்கலாம் என்றால் நோகடித்துவிட்டேன் என்றுதானே பொருள்? ஆனால் சரிதான் என்றும் சொல்லியிருக்கிறாரே. ஒருநாள் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன், மறுநாள் மற்றதை.

அந்த நாட்களில் என் வலைப்பூவை வாசித்தவராக நீங்கள் இருந்தால், அந்தப் பதிவில் ஒரு வரி நினைவிருந்தாலும் எழுதுங்கள். இல்லையென்றால் இதையாவது சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை நான் மறுபடி எழுதி நிரப்பட்டுமா? அல்லது மேலே வெள்ளையாகவே விட்டு, அப்பா சொன்னதை மட்டும் அப்படியே போட்டு வைக்கட்டுமா? என் மகள் இப்போதுதான் அ, ஆ எழுதுகிறாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது, தாத்தாவை எந்தப் பக்கத்தில் காட்டட்டும்?