நாற்பது எழுத்து

கம்பெனியின் வரலாறு வரவேற்பறைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறது. எந்த வருடம் எத்தனை ஓட்டல், எத்தனை லட்சம் ஆர்டர், எல்லாம் இருக்கிறது. வழியக்கா மட்டும் இல்லை.

சாவி செய்கிற கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று தொலைபேசி, எட்டு ஓட்டல் என்று கம்பெனி ஆரம்பித்தபோது நாலாவது ஆளாகச் சேர்ந்தவள் அவள். இணையத்தில் வருகிற ஆர்டரை முதலாளியே ஓட்டலுக்குப் போன் போட்டுச் சொல்வார். சில நாள் அவரே சைக்கிளில் கொண்டுபோயும் கொடுப்பார். சாப்பாடு ஆறிப்போய்ச் சேருவதுதான் அன்றைய பெரிய தலைவலி. வீட்டைத் தேடியே அரை மணி நேரம் போய்விடும்.

அதனால் அவள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் வழி கேட்டு, கொண்டுபோகிறவர்களுக்காகக் குறிப்பு எழுதி வைத்தாள். "பச்சை கேட், மணி அடிக்காது, தட்டவும்." "மாடிப்படியில் நாய், கட்டியிருந்தாலும் நம்ப வேண்டாம்." இப்படிப் பதினோராயிரம் குறிப்பு. அப்படித்தான் வழியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சும்மா சுற்றிக்கொண்டிருந்த தம்பியையும் வண்டி ஓட்டச் சேர்த்துவிட்டாள். முப்பத்தைந்து வயதில் அவன் உருப்படியாக நிலைத்த முதல் வேலை அதுதான். "எங்கக்கா எழுதினா கண்ண மூடிட்டுப் போகலாம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

கம்பெனி கொழுத்தது. அதைவிடக் கொழுத்த ஒரு கம்பெனி அதை வாங்கியது. கண்ணாடிக் கட்டடம் வந்தது, புது ஆப் வந்தது. இனி வரைபடமே வழி காட்டும். குறிப்புக்கு நாற்பது எழுத்து இடம்தான். அந்தப் பாழாய்ப்போன கணக்கில் புள்ளி ஒரு எழுத்து, கொம்பு ஒரு எழுத்து. பழைய குறிப்புகளை ஆப் தானாகவே வெட்டிவிடும். வெட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்க அவளுக்கு ஒரு வாரம் தந்தார்கள்.

ஐயாயிரம் வரை ஒழுங்காகப் பார்த்தாள். ஆறாம் நாள் கண் எரிந்தது. "இன்னுமா முடியல? மேப் இருக்கும்போது இதெல்லாம் யாரு படிக்கப் போறா?" என்று மேலாளர் நச்சரித்தார். மீதியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் 'சரி' போட்டாள். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்தான். ஆனால் அதையெல்லாம் படிக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

நாலு மாதம் கழித்து, கொட்டுகிற மழையில், மத்தியான வேளையில் தம்பி ஒரு வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போனான். "மழை நாளில் பின் சந்து வழியாகப் போக வேண்டாம், சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை" என்று அவள் எப்போதோ எழுதிய குறிப்பு அந்த வீட்டுக்கு இருந்தது. அவன் போனில் வந்தது இவ்வளவுதான்: "மழை நாளில் பின் சந்து வழியாகப் போக வேண்ட".

மிச்சத்தை அவனே போட்டுக்கொண்டான். வேண்டும்.

முழங்கால் தண்ணீருக்கு அடியில் குழி தெரியவில்லை; வண்டியோடு விழுந்து கால் நசுங்கியது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வரைபடம் காட்டிய பாதையில் அவன் போகவில்லை என்று சொல்லிக் கம்பெனி கைகழுவியது.

பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவன்தான் ஆறுதல் சொன்னான். "நீ ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நீ எழுதும்போது குழி இருந்திருக்காது. அப்புறமா எவனோ தோண்டியிருக்கான்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"வேண்டாம்னுதான்டா எழுதியிருந்தேன். மெஷின் வெட்டிருச்சு. வெட்டினத நான்தான் பார்க்கணும். பார்க்காமலே சரின்னு போட்டுட்டேன்."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தன நாள் உன்ன நம்பிட்டாவது படுத்திருந்தேன். இத நீ சொல்லியிருக்க வேண்டாம்க்கா."

அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை அவன் ஒரு எழுத்துகூட விழுங்காமல் சொன்னான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.