பாட்டு சிக்கிக்கொள்ளும் இடம்

லிஃப்ட் மெக்கானிக்கின் காதைப் பற்றி அவருடைய கம்பெனியில் நிறையக் கதைகள் உலவின. பாதி அவரே கிளப்பிவிட்டது, மீதிப் பாதி உண்மை. மூடிய கதவில் காதை வைத்தார் என்றால், லிஃப்ட் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்பவர்கள் அவரைக் 'காது' என்றே கூப்பிட்டார்கள். மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் காதோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. மின்விசிறி கொஞ்சம் முனகினால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவார். அலமாரிக் கதவு கிறீச்சிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போச்சு. "நான் மூக்கை உறிஞ்சினாக்கூட எண்ணெய் கிண்ணத்தோட வந்து நிப்பார்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவள் மூன்று சகோதரிகளில் நடுவில் பிறந்தவள், சிரிப்பதற்குக் காரணம் தேடாதவள்.

இப்பேர்ப்பட்டவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதில் பாட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கேசட்டிலிருந்து ஏற்றியது, இசைத்தட்டிலிருந்து ஏற்றியது, நண்பர்களின் பென் டிரைவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது என்று கலந்துகட்டிக் கிடந்ததில், ஒரே பாட்டு மூன்று இடத்தில் மூன்று பெயரில் ஒளிந்திருக்கும். வேறு யாராவது இருந்தால் மொத்தத்தையும் அப்படியே தூக்கிப் புதியதில் கொட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். இவருக்கு மனசு கேட்குமா?

"புது வீட்டுக்குக் குடிபோறப்ப குப்பையையும் மூட்டை கட்டிட்டா போவாங்க?" என்றார் மனைவியிடம்.

"என்னமோ பண்ணுங்க. எனக்குப் பாட்டு கேட்டாச் சரி" என்றாள் அவள். அந்த வார்த்தையை அவர் அனுமதியாகவே எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு பிரதி இருந்தால் இரண்டையும் கேட்பார். கரகரப்பு உள்ளதை அழிப்பார், தெளிவானதைப் புதியதற்கு அனுப்புவார். ஒருவழியாக எல்லாம் முடிந்ததும் பழைய கம்ப்யூட்டரை யாரும் எதையும் மீட்க முடியாதபடி இரண்டு தடவை துடைத்து, புதியது வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை என்று மனைவி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அக்காவும் தங்கையும் வந்தார்கள். அக்காவுக்குக் கடல் கடந்து ஒரு ஊரில் வேலை கிடைத்திருந்தது, அந்த வாரமே கிளம்புகிறாள். குறைந்தது நாலைந்து வருஷம் திரும்பி வர முடியாது. அதனால் பேச்சும் சிரிப்பும் வழக்கத்தைவிட ஒரு சுற்று உரக்கவே இருந்தன. சாப்பிட்டு முடித்த கையோடு இளையவள் நாற்காலிகளை ஓரம் கட்டினாள்.

"மாமா, நம்ம படகுப் பாட்டைப் போடுங்க!"

மூவரும் எங்கே கூடினாலும் அந்தப் பாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடாமல் பிரிவதில்லை. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் இருந்த இசைத்தட்டு அது. 'துடுப்பெடு' என்று வரும் இடத்தில் கீறல் விழுந்து, முள் சிக்கிக்கொண்டு 'துடுப்… துடுப்… துடுப்…' என்று திக்கிவிட்டுத்தான் மேலே போகும். முதல் 'துடுப்'புக்குப் பெரியவள் சுற்றுவாள், இரண்டாவதுக்கு நடுவுள்ளவள், மூன்றாவதுக்கு இளையவள். பிறகு மூவரும் வரிசையாக நின்று துடுப்புப் போடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்ததே மெக்கானிக்தான். தட்டு அப்புறம் ஒரு வீடு மாற்றலில் உடைந்துபோனது. ஆனால் அவர் அந்த ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பாட்டைப் போட்டுவிட்டு, அந்தத் திக்கல் காதில் விழாத தூரத்துக்கு ஓடிவிடுவார்.

இன்றைக்கு ஓடவில்லை. புதுக் கம்ப்யூட்டரின் பெருமையை நேரில் பார்க்க வேண்டாமா? அங்கேயே நின்றார்.

பாட்டு கண்ணாடிபோலத் தெளிவாகத் தொடங்கியது. 'துடுப்பெடு' வந்தது. ஒரே ஒரு தடவை வந்து, வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. பெரியவள் பாதிச் சுற்றில் இருந்தாள். நடுவுள்ளவள் சுற்றுவதா துடுப்புப் போடுவதா என்று தெரியாமல் விழித்தாள். இளையவள் வேகமாகச் சுற்றி இரண்டு பேர் மேலும் மோத, மூவரும் சோபாவில் பொத்தென்று விழுந்தார்கள்.

"என்னங்க, நம்ம பாட்டு எங்க?" என்றாள் மனைவி, தங்கையின் காலைத் தன் மேலிருந்து தள்ளிவிட்டபடி.

"அதானே இது? இது இன்னும் நல்ல பிரதி. கீறல் விழுந்ததைத் தூக்கிட்டேன்."

"அந்தக் கீறல்லதாங்க நாங்க ஆடறதே!"

அவர் திரையில் இருந்த பாட்டுப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"சரி, பழைய கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?" என்றாள் இளையவள் நம்பிக்கையோடு.

இரண்டு தடவை துடைத்த பெருமையைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போடப் போனாள்.

"விடுடி, ஒரு பாட்டுதானே" என்றாள் அக்கா. அவள் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்ன விதத்திலேயே அது ஒரு பாட்டு மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது.

"கொஞ்சம் இருங்க, நான் செஞ்சு தரேன்" என்றார் அவர்.

வாழ்நாளெல்லாம் பழுதை நீக்கியே பழகிய மனிதர் முதல் தடவையாகப் பழுது செய்ய உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தையை வெட்டி, மூன்று தடவை ஒட்டினார். துல்லியமாக, சம இடைவெளியில். மறுபடி ஆடினார்கள். இப்போது மோதவில்லை, ஆனால் மூவரும் பாதியில் நின்றுவிட்டார்கள்.

"இது என்னவோ ராணுவத்துல சுத்தற மாதிரி இருக்கு மாமா."

"மூணாவது கொஞ்சம் இழுக்கும் தம்பி" என்றாள் அக்கா. "சின்னவ அப்போ குட்டிக் குழந்தை. சுத்தறதுக்கு நேரமாகும். முள்ளும் அவளுக்காக நின்னுட்டுப் போற மாதிரி இருக்கும்."

"எவ்வளவு இழுக்கும்?"

அக்கா ஒன்று சொன்னாள், தங்கை வேறொன்று சொன்னாள். மனைவி இரண்டும் தப்பு என்றாள். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "பாட்டே வேண்டாம், சும்மா ஆடிக் காட்டுங்க" என்றார்.

ஆடினார்கள். ஸ்பீக்கரில் சத்தமில்லை. தரையில் மூன்று ஜோடிப் பாதங்களின் சத்தம் மட்டும். மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெரியவளின் கால் அழுத்தி ஊன்றியது, மனைவியின் கால் பட்டென்று திரும்பியது, இளையவளின் கால் தயங்கித் தயங்கி வட்டம் போட்டது. தேடிய அளவு அந்தக் கால்களிலேயே இருந்தது. இத்தனை வருஷமும் இதற்குப் பயந்தா ஓடினோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"மறுபடி ஆடுங்க" என்றார். தொண்டையைச் செருமினார். குளியலறையில்கூடப் பாடாதவர், தன் குரலின் லட்சணம் தன் காதுக்கே தெரியும் என்று வாயை மூடி வைத்திருந்தவர், மூன்று பேர் முன்னாலும் படகுப் பாட்டை எடுத்துவிட்டார். சுருதி ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். ஆனால் அக்கா சுற்றும்போது ஒரு 'துடுப்', மனைவி சுற்றும்போது ஒரு 'துடுப்', இளையவள் சுற்றி முடிக்கும்வரை இழுத்துப் பிடித்து ஒரு 'துடுஉஉப்'. அப்புறம் 'எடு!' மூவரும் ஒருசேரத் துடுப்புப் போட்டார்கள். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

மூன்றாம் முறை ஆடியபோது இளையவள் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தாள்.

"எனக்கு அதை அனுப்பு" என்றாள் அக்கா.

"இருங்க அக்கா, பின்னாடி நாற்காலி இழுக்கற சத்தமெல்லாம் இருக்கும். சுத்தம் பண்ணி…" என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"கை வச்சீங்க, தெரியும் சேதி!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் ஒன்றையும் வெட்டாமல், நாற்காலியும் சிரிப்பும் தன் நாராசக் குரலுமாக அதைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்தார்.

அக்கா போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துப் போனில் பேசினாள். வீடு, வேலை, குளிர் எல்லாம் பேசி முடித்த பிறகு, "சாயங்காலம் வந்ததும் தம்பி பாட்டைத்தான் போடறேன்" என்றாள்.

"தனியாவா ஆடறே?" என்று சிரித்தாள் மனைவி.

"ஆமா. என் சுத்து முடிஞ்சதும் அப்படியே நின்னுக்குவேன். உன் சுத்தும் சின்னவ சுத்தும் முடியணுமில்ல? அது வரைக்கும் நின்னுட்டு, அப்புறம்தான் துடுப்புப் போடுவேன்."

மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்று, நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"போடுங்க" என்றாள் கணவரிடம்.